உப்புத் தண்ணீர்

செவ்வாய், இரவு.

கல்லாற்றில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் காய்ச்சலும் அசதியுமாக எங்கள் கிளினிக்குக்கு வந்தார். இதயம் பலவீனமானவர். இரண்டு காலும் வீங்கியிருந்தன. வீக்கத்தை டாக்டரிடம் சொன்னேன். "ஒரு பாட்டில் சலைன் மெதுவா போடு சிஸ்டரே. சும்மா அனுப்பினா அடுத்த தடவை வேற இடத்துக்குப் போயிருவாங்க" என்றார்.

குழாயிலிருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி, சொட்டை மெதுவாக வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். வார்டு முழுவதற்கும் நான் ஒருத்திதான். திரும்பி வந்தபோது பாட்டில் காலி. பெரியவர் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்புளிக்கும் சத்தம்.

"நாந்தான் மக்ளே அந்தச் சக்கரத்தத் திருப்பி விட்டேன்" என்றாள் அவர் மனைவி. "கிழக்கேகோட்டை ஸ்டாண்டுல ஊருக்குக் கடைசி பஸ்சு போயிரும்லா."

ஆக்சிஜன் வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். "இவங்களுக்கு எத்தனை சொன்னாலும் மனசிலாகாது" என்றார் டாக்டர். வேகமாக ஏறினால் நெஞ்சில் நீர் கோத்துவிடும் என்று யார் சொன்னது? நானும் சொல்லவில்லை. கூட வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சக்கரத்தைத் திருப்புகிறார்கள். பார்த்தும் பாராமல் இருக்கிறோம். கட்டில் சீக்கிரம் காலியாகிறதே.

ஆம்புலன்ஸில் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "வெறும் உப்புத் தண்ணிதானே மக்ளே? அது என்ன செஞ்சிரும்?"

படுக்கும் முன் அவள் நம்பருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

மழை நின்றுவிட்டது. ஓட்டிலிருந்து சொட்டு விழுகிறது. காற்றடித்து அது வேகமாகும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.