சிப்பாய் இல்லாத சேனை

சுங்கை நிப்பா தோட்டம்,
மஸ்ஜித் தானா, மலாக்கா.
ஆவணி மாதம், 1951.

என் அக்காள் பெற்ற சிங்கம் அங்கமுத்துவுக்கு, உன் தாய்மாமன் ராமையா ஆயிரம் ஆசி கூறி எழுதுவது. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் முகாம் அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இது ஏதோ இரகசிய பாஷை என்று எண்ணிவிட வேண்டாம்.

இங்கே எல்லாரும் சுகம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். யானை தாண்ட முடியாத உயரம். சரி, ஆடு தாண்ட முடியாத உயரம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று, சோற்றைக் கொண்டுபோகக் கூடாதென்று கேட்டில் சோதிக்கிறார்கள். என் மீசையைக்கூட ஒருநாள் விலக்கிப் பார்த்தான் அந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்.

உன் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள். பிறக்கும்போதே அவளுக்கு நாலு பல் இருந்தது. நீ நம்பமாட்டாய் என்பதால் ஒரு பல் என்று வைத்துக்கொள். நீ கைதாகும்போது வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கோயில் பண்டாரம் இரண்டு தடவை கேட்டுவிட்டார். "அவுக அப்பா வந்து வைக்கட்டும், அதுவரைக்கும் பாப்பான்னே இருக்கட்டும்" என்று உன் பெண்டாட்டி முனியாயி சொல்லிவிட்டாள். உன் பங்குப் பால்வெட்டையும் அவளே சேர்த்துப் பார்க்கிறாள். தான் அழவில்லை என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இனி முக்கியமான சேதி. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதிகாரி ஐயாவுக்கும் தெரியட்டும் என்று ஆதியிலிருந்து எழுதுகிறேன்.

இந்தியாவின் சுதந்திரத்துக்காகப் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா போய் நாம் திரும்பி வந்தபோது நீ எலும்பும் தோலுமாக இருந்தாய். தோட்டத்து ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். கஞ்சி வேண்டாம், மருந்து வேண்டாம். டிரெஸ்ஸர் கையை விரித்துவிட்டார். அப்போதுதான் நான் உன் காதருகில் குனிந்து, "சிப்பாய் அங்கமுத்து, மேலிடத்து உத்தரவு வந்துருக்கு, இன்னியிலேருந்து நீ கேப்டன்" என்றேன். நீ திரும்பிப் பார்த்தாய். அரைக் கோப்பை கஞ்சி இறங்கியது. மறுநாள் மேஜர் ஆக்கினேன், முழுக் கோப்பை. கர்னல் ஆனபோது எழுந்து உட்கார்ந்தாய். ஜெனரல் ஆன அன்று நீயே நடந்து கிணற்றடிக்குப் போனாய். பட்டாளம் கலைந்து, பட்டம் கொடுக்க யாரும் இல்லாத காலம். நான் கொடுத்தேன். நம் பழைய தோழர்கள் சங்கம் ஆரம்பித்தது அந்தக் கஞ்சியில்தான்.

அப்புறம் மற்றவர்கள் விடுவார்களா? பென்சனும் இல்லை, மெடலும் இல்லை, இதாவது கொடு என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். வருஷா வருஷம் பொதுக்கூட்டம், வருஷா வருஷம் பதவி உயர்வு. நானும் கர்னல் ஆனேன். தகுதி இருந்தது, ஆனேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மஸ்ஜித் தானா பசாரில் பெயிண்டர் கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் சொல்லி, சங்கத்துக்குப் பெயர்ப்பலகை எழுதவைத்தேன். தமிழில் எழுதினால் துரை மதிக்கமாட்டான் என்று இங்கிலீஷில், தங்க நிறத்தில். முதல் வரிசையில் ஜெனரல் அங்கமுத்து. அடுத்து கர்னல்கள், மேஜர்கள், கேப்டன்கள். மலாக்கா ராஜ்யத்திலேயே அப்படி ஒரு பலகை கிடையாது.

அவசரகாலம் நடக்கிறது என்பது பலகைக்குத் தெரியுமா? இரண்டு லாரியில் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் பலகையை மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார். "அஸ்கார் மானா?" என்றார். சிப்பாய் எங்கே என்கிறார். "சிப்பாயே கெடையாது துவான், இங்க எல்லாருமே பெரிய ஆளுதான் லா" என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. இவ்வளவு அதிகாரிகள் இங்கே வெளியில் உட்கார்ந்திருந்தால், இவர்களுடைய சிப்பாய்கள் எல்லாம் காட்டுக்குள்ளேதானே இருக்க வேண்டும்? அவர் கணக்கு அது. யோசித்துப் பார்த்தால் நியாயமான கணக்குதான்.

அப்போது நீ முன்னால் வந்து விறைப்பாக நின்றாய். "பேரு அங்கமுத்து, பதவி ஜெனரல்" என்றாய். ஆட்கள் எங்கே என்று கேட்டதற்கும் அதேதான், துப்பாக்கி எங்கே என்று கேட்டதற்கும் அதேதான். பிடிபட்டால் பெயரையும் பதவியையும் தவிர எதையும் சொல்லாதே என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்களே, அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவன் நம் ரெஜிமெண்டிலேயே நீ ஒருவன்தான். அன்றைக்கு நான் தூங்கிவிட்டேன்.

எங்களை எச்சரித்து விட்டுவிட்டு, உன்னை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் விசாரணையிலும் நீ அதையே சொன்னாயாம். அடுத்த மாதம் மறுவிசாரணை. அதிலும் அதையே சொன்னால் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்கிறார். நாகப்பட்டினத்தில் இறங்கி நீ எந்தத் திசையில் நடப்பாய், மாப்பிள்ளை? நீ பிறந்ததே இந்தத் தோட்டத்து லயத்து வீட்டில்.

ஆகையால் போன ஞாயிற்றுக்கிழமை போலீஸ் பர்மிட்டோடு விசேஷக் கூட்டம் போட்டேன். ஆயிரம் பேர் வந்தார்கள், லயத்துக் கோழிகளையும் சேர்த்து. அந்த இன்ஸ்பெக்டரே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கோப்பி குடித்தார். நான் தீர்மானம் கொண்டுவந்தேன்: சங்கத்தில் இனி எல்லாரும் சிப்பாய்.

சங்கமே கொந்தளித்துவிட்டது. மேஜர் தங்கராஜு எழுந்து, "எம் மாமியாரே என்னை மேஜர்னு கூப்புட்டுப் பழகிருச்சு, இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது?" என்று குதித்தான். அதற்குள் பின்னால் நின்ற முனியாயி பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "மேஜரண்ணே, நீங்க பட்டத்தோட ஒங்க வீட்டுக்குப் போறீங்க. எம் புருசன் எந்த வீட்டுக்குப் போவாரு?" என்றாள். அவ்வளவுதான். தங்கராஜு உட்கார்ந்துவிட்டான். முதல் கையைத் தூக்கியதும் அவன்தான்.

நானும் கூட்டத்தின் நடுவில் நின்று, நான் கர்னலும் இல்லை, ஊரெல்லாம் அளந்து வைத்திருக்கிறபடி விமானத்தைச் சுட்டு வீழ்த்தியவனும் இல்லை, சமையல் கூடத்துச் சிப்பாய் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். ஆனால் எப்பேர்ப்பட்ட சமையல்! ஒரு படி அரிசியில் ஒரு பட்டாலியனுக்கே சோறு போட்டவன் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். எழுதியும் கொண்டார்.

பலகையைப் புதிதாக எழுதியாகிவிட்டது. மேலிருந்து கீழே எல்லாரும் சிப்பாய். முதல் வரிசை மட்டும் வெறுமையாக இருக்கிறது. ஏன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சிப்பாய்கள் சேர்ந்து ஒரு ஜெனரலை இறக்க முடியாது துவான், அவராக இறங்கினால்தான் உண்டு என்றேன். ஒரு பட்டாளத்து ஆள் மாதிரி தலையாட்டினார். விசாரணையில் வந்து பேசுகிறேன் என்றும் சொன்னார். ஆனால் நீ வாய் திறக்க வேண்டுமாம்.

மாப்பிள்ளை, அதிகாரி ஐயா சாட்சியாக எழுதுகிறேன், நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சிப்பாய் அங்கமுத்து என்று சொல். பால்வெட்டுக்காரன் என்று சொல். காட்டில் உனக்கு யாரும் இல்லை, வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொல். உன்னை நான் ஜெனரல் ஆக்கியது நீ கஞ்சி குடிக்க. அந்த வேலை முடிந்துவிட்டது.

உத்தரவாகச் சொன்னால் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் இப்போது சமையல் சிப்பாய். ஜெனரலுக்கு உத்தரவு போட எனக்கு ஏது தகுதி? அதனால், இந்த ராமையா ஆயுசில் யாரிடமும் செய்யாததைச் செய்கிறேன். கெஞ்சுகிறேன், ராசா. இறங்கி வந்துவிடு. வந்து உன் மகளுக்குப் பெயர் வை.

மாரியாத்தா உன் நாவில் நிற்கட்டும்.

உன் மாமன்,
சிப்பாய் ராமையா,
சமையல் கூடம்.