உச்சியில் காய்த்த ஏலக்காய்

ஆவணி 9, செவ்வாய்.

என்னோடு வேலை பார்க்கும் மல்லிகா வரைந்த ஏலக்காய்ப் படப்புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. நான் வரைந்தது பீரோவில் கிடக்கிறது. இன்று அவள் புத்தகத்தை நானே ஒன்றாம் வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. செடியின் உச்சியில் காய் தொங்குகிறது! ஏலக்காய்க்குப் பேர்போன போடி ஊர்க்காரிக்கு இதுகூடவா தெரியாது? எனக்கு மனசு குளிர்ந்தது.

பவித்ரா எழுந்தாள். "டீச்சர், எங்கம்மா குனிஞ்சுதான காய் எடுக்கும்?"

"மேலதான்டி இருக்கு, படத்தைப் பாரு" என்றான் பக்கத்துப் பையன்.

சண்டை முற்றி, மொத்தப் பிள்ளைகளும் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஏலத்தோட்டத்துக்கு ஓடினார்கள். மண்டிபோட்டுத் தூரை விலக்கிப் பார்த்து, "கீழதான் டீச்சர்!" என்று கத்தினார்கள். மணியடித்தும் வரவில்லை. தப்பாக வரைந்தும் அவளுக்கே பேர்.

போன வருடப் பிள்ளைகளுக்கு என் படத்தைக் காட்டினேன். அதில் ஒரு தப்பும் கிடையாது. ஒரு பிள்ளைகூட எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.