கம்பெனி ஸ்பிரிங்

மார்ச் 2, ஞாயிறு

சர்ச் விட்டதும் தம்பி ரஸ்ஸோடு கல்குவாரிக்குச் சுடப் போனேன். ஒரு டப்பாவைக்கூட விழவைக்க முடியவில்லை. எல்லாம் இடது பக்கம், கீழே, மண்ணில். என் பிஸ்டலின் விசை அவ்வளவு கனம். என்னோடு வாழ்ந்த டேல் பிக்கப் வண்டிக் கதவை என் மணிக்கட்டின் மேல் அறைந்து சாத்திய நாளிலிருந்து இந்த வலது கைக்குப் பாதி பலம்தான்.

ரஸ் கொஞ்ச நேரம் பார்த்தான். "அக்கா, கம்பெனிக்காரன் கேஸுக்குப் பயந்து விசையைக் கனமா வச்சு அனுப்புறான். உள்ளே ஸ்பிரிங்கை மாத்தினா வெண்ணெய் மாதிரி இழுக்கும். நான் மாத்தித் தர்றேன்."

இவன் கம்பெனியிலிருந்து வந்தபடி எதையும் விட்டுவைத்ததில்லை. பிக்கப், புல்வெட்டி, என் காபி மெஷின். காபி மெஷின் இப்போது புகை விடுகிறது.

மார்ச் 4

டேல் ஜெயிலிலிருந்து வெளியே வந்துவிட்டானாம்.

தீவனக் கடையில் நான் கல்லாவில் நிற்கும்போதே இரண்டு பேர் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். போன மாதமே விட்டுவிட்டார்களாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மோதிரம் மாற்றாத குறைதான், மற்றபடி பதினொரு வருஷம் அவன் பெண்டாட்டியாக இருந்தவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை இவர்களுக்கு.

கோர்ட்டிலிருந்து கூட்டிப் போகும்போது என் பக்கம் குனிந்து சொன்னான்: "வெளிய வந்ததும் மிச்சத்தை முடிக்கிறேன்." நீதிபதி காதில் விழவில்லையாம். எனக்கு விழுந்தது.

மார்ச் 6

விர்ஜிலின் துப்பாக்கிக் கடை. ரஸ்ஸும் ஸ்பிரிங் வாங்க ஒட்டிக்கொண்டான். விஷயத்தைக் கேட்டதுமே விர்ஜில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"டப்பா சுடுறதுக்குன்னா என்ன கருமத்தை வேணா மாட்டிக்கோங்க. உசுரைக் காப்பாத்தறதுக்குன்னா பெட்டியில வந்தபடியே இருக்கட்டும். ஸ்பிரிங் மெலிசானா தோட்டாவோட பின்பக்கம் அடி பலமா விழாது, பின்பக்கம் கெட்டியான தோட்டா சிலது வெடிக்காது. நாளைக்குக் கோர்ட்ல வேற கேப்பான், எதுக்கும்மா விசையை லேசாக்கினேன்னு."

"நீங்க பூச்சாண்டி காட்டியே கடையை ஓட்டுறீங்கண்ணே," என்றான் ரஸ்.

"இல்ல தம்பி. உன்னை மாதிரி ஆளுங்க கெடுத்துட்டுக் கொண்டாறதை வச்சு ஓட்டுறேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. "அண்ணே, என்னால இழுக்கவே முடியாத துப்பாக்கி சரியா வெடிச்சு என்ன பிரயோஜனம்?"

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். அப்புறம் ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தார். வாசல் வரை வந்து சொன்னார்: "மாத்தினா, நீ நிஜமா வச்சுக்கப்போற தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பாரு டோரீன். குவாரியில நீங்க சுடுற மலிவு தோட்டா எதுலயும் வெடிக்கும்."

மார்ச் 9, ஞாயிறு

மாற்றியாயிற்று. மதியம் முழுக்கச் சுட்டேன். ஒரு தடவை கூடச் சிக்கவில்லை. டப்பாக்கள் எகிறி விழுகின்றன! இந்தக் கை என்னுடையதுதானா?

"உசுருக்குன்னு வச்சிருக்கிற நல்ல தோட்டாவையும் கொஞ்சம் சுட்டுப் பாக்கலாம்டா" என்றேன். ரஸ் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "அந்த விலைக்கு வாங்கி மண்ணுல சுடவா?" அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் யாரும் அதைச் சுடுவதில்லை. வாங்கி இழுப்பறையில் வைப்பார்கள், வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 12

கடைக்கு எதிரே டேலின் பச்சை பிக்கப். நாள் முழுக்க. இறங்கவே இல்லை.

மார்ச் 14

என் நாய் பிஸ்கட்டைக் கொன்றுவிட்டான். வேலை முடிந்து வந்தால் நாயைக் காணோம் — கூப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கு வந்தேன். முள்கம்பியில் கழுத்தைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தான். வயிறு கிழிந்திருந்தது. பனியெல்லாம் சிவப்பு. கம்பியை வெட்டி இறக்குவதற்குள் என் சட்டையெல்லாம் ரத்தம்.

போலீஸ் டெபுடி பெக்கி வந்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள். "யாராவது பாத்தாங்களா?"

"பிஸ்கட் பாத்திருக்கும்டி, அதைக் கேளு."

அவள் நோட்டை மூடிவிட்டு நாயின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தினாள். அவளையும் திட்டி என்ன ஆகப்போகிறது?

மார்ச் 15

இழுப்பறையிலிருந்து நல்ல தோட்டாவை எடுத்துப் போட்டேன். இனி குளிக்கும்போதும் பிஸ்டல் கூடவே.

மார்ச் 20, ஆஸ்பத்திரி

எழுத முடிகிறது. மூக்கு உடைந்திருக்கிறது, மேல் பல் இரண்டு போயிற்று. எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் கண்ணை மூடும்போதெல்லாம் முதலிலிருந்து ஓடுகிறது.

திங்கள் காலை. விறகுக் கொட்டகையில் இருந்தேன். நல்ல வெயில். திரும்பினால் பத்தடியில் நிற்கிறான். கையில் டயர் கழற்றும் இரும்பு. "சூடா காபி கிடைக்குமா டோரீ?" என்றான். சிரித்துக்கொண்டு.

பிஸ்டலை எடுத்தேன். நெஞ்சுக்கு நேராகப் பிடித்து இழுத்தேன். வெண்ணெய் மாதிரிதான் இழுத்தது.

டிக்.

மறுபடி இழுத்தேன். டிக்.

அவன் முகத்தில் முதலில் பயம் இருந்தது, அதைப் பார்த்தேன். அப்புறம் சிரிப்பு வந்தது. இரும்பு என் முகத்தில் விழுந்தது. பல் நாக்கின் மேல் உருண்டது. மண்டியிட்டு விழுந்தேன், அடிபட்ட மணிக்கட்டைத்தான் பிடித்து முறுக்கினான் — அவனுக்கு மறக்குமா — பிஸ்டல் அவன் கைக்குப் போய்விட்டது. என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நெற்றியில் வைத்தான். "உன் பொம்மையைப் பாருடி," என்றான். இழுத்தான்.

டிக்.

கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே அந்தத் தோட்டாவை வெளியே தள்ளப் பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தான். அதற்கு இரண்டு கையும் வேண்டும். என் முடியை விட்டான். தோட்டா பனியில் விழுந்தது. விறகு பிளக்கும் கோடாலி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

முதல் அடி முழங்காலில். எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் தெரியும், என் மணிக்கட்டில் கேட்டிருக்கிறேன். விழுந்தும் பிஸ்டலை விடவில்லை, என் பக்கம் திருப்பினான். அடுத்த அடி கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில். அதிலேயே அவன் கையிலிருந்து பிஸ்டல் விழுந்துவிட்டது. அதற்கப்புறமும் அடித்தேன். ஏன் அடித்தாய் என்றால்? பிஸ்கட்டுக்காகவா? தெரியவில்லை. நிறுத்த முடியலை, அவ்வளவுதான். நிறுத்தத் தெரியலை.

செத்துவிட்டான்.

மார்ச் 25

பெக்கி பிளாஸ்டிக் பையில் அந்தத் தோட்டாவைக் காட்டினாள். பின்புறத்தில் மேலோட்டமாக ஒரு சின்னப் பள்ளம். மூன்று தடவை அடி வாங்கியது. இரண்டு என்னுடையது, ஒன்று அவனுடையது. எல்லாம் ஒரே பள்ளம்தான்.

அரசு வக்கீல் கேட்டார், விர்ஜில் சொன்னபடியே: "விசையை எதற்கு லேசாக்கினீர்கள்?" என் மணிக்கட்டை மேஜையில் வைத்துக் காட்டினேன்.

ஏப்ரல் 11

வழக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ரஸ் சமையலறையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். "நான் உன்னைக் கொல்லப் பாத்தேன்க்கா. அந்த வயசான மனுஷன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

"அவன் கையிலயும் அதே ஸ்பிரிங்தான்டா இருந்துச்சு," என்றேன். "வெடிச்சிருந்தா நீ இங்க யார்கிட்ட அழுவ?"

முதல் தடவையே வெடித்திருந்தால்? அதை நான் அவனிடம் சொல்லவில்லை. வெடித்திருந்தால் ஒரே சத்தத்தில் முடிந்திருக்கும். டேலின் கண்ணை இவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 30

விறகு தீர்ந்துவிட்டது. கொட்டகைக்குப் போக மனமில்லை. ஹீட்டரே போதும்.

ஜூன் 8, ஞாயிறு

பிஸ்டலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விர்ஜிலே பழைய கம்பெனி ஸ்பிரிங்கைப் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, நான் சொன்னேன்ல என்றும் சொல்லவில்லை. ரஸ் நல்ல தோட்டாவாகவே ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான். குவாரியில் அவன்தான் முதலில் சுட்டான். ஒன்று விடாமல் வெடித்தது. சுற்றி நின்றவர்கள்கூட, இவ்வளவு விலையை மண்ணில் கொட்டுகிறானே என்று பார்த்தார்கள்.

"இப்ப நீ அக்கா."

டப்பாவைக் குறி பார்த்தேன். மணிக்கட்டு வலித்தது, ஆனால் இழுக்க முடியும். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சியில் கொஞ்சம் பலம் வந்திருக்கிறது. இழுக்க நினைத்தேன். விரல் போகவில்லை. மறுபடி நினைத்தேன். விரல் அங்கேயே இருந்தது.

"என்னக்கா, திரும்பச் சிக்கிக்கிச்சா?"

"ஆமாடா," என்றேன்.

பாவம் ரஸ், பிஸ்டலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பிக்கப்பின் பின்கதவில் துணியை விரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தான்.