சிவப்புச் சட்டை போடாத அன்று

ஐப்பசி 12, செவ்வாய்

விடாத மழை. கிரேன் ரோப்புக்குக் கிரீஸ் போட்டேன். முதலாளியிடமிருந்து மறுபடியும் பாடம். சக்கரத்துக்குக் கல். வளைவுக்கு முன்பே வண்டியை நிறுத்து. ரோப் இழுக்கும்போது பக்கத்தில் ஆள் கூடாது, அறுந்தால் வெட்டிவிடும். எல்லாம் சரி. கடைசியாக ஒன்று: காக்கி வேண்டாமாம், பனியில் தெரியாதாம். பளிச்சென்று சிவப்பில் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார். திருவிழாவில் பலூன் விற்கலாம். லைசென்ஸ் எடுத்த நாள் முதல் எனக்குக் காக்கிதான். சிவப்புச் சட்டை துணிக்கொடியில் தொங்குகிறது.

ஐப்பசி 14, வியாழன்

இடது கை எழுத்து. வலதில் மாவுக்கட்டு.

நேற்று செம்மநத்தம் ரோட்டில் ஜீப் கவிழ்ந்ததாகப் போன். அடியில் பொன்னன் என்ற விவசாயி, உயிரோடு. டிரைவர் காப்பித் தோட்டத்துக்குள் ஓட்டம். நான் கிரேனை வளைவுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, கல் வைத்து, இடம் பார்க்க நடந்து போனேன். பனிக்குள்ளிருந்து வந்த என் காக்கிச் சட்டைதான் கூட்டத்துக்குத் தெரிந்தது; ஓடிப்போனவனும் காக்கிதானாம்.

"இவந்தான்டா டிரைவரு! திரும்பி வந்துட்டான்!"

முதல் அடி வாயில். ஒரு பல் போச்சு. பிறகு சேற்றில் கிடந்தேன், முகத்தில் மிதி. கிரேன், கிரேன் என்று கத்தினேன். வாய் நிறைய ரத்தம், யாருக்குப் புரியும்? ஒருத்தன் உருட்டுக்கட்டையால் மணிக்கட்டில் போட்டான். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் பொன்னனின் தம்பி வெள்ளையன்.

"ஏனுங்க, உடுங்க! அவரு கிரேன் டிரைவருங்க!" எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஓடி வந்து விலக்கினார். அத்தனை கையும் இறங்கியது. ஒருத்தன் என் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அதுதான் மன்னிப்பு.

ஜீப்புக்கு அடியில் முனகல். என் கை தொங்குகிறது. லீவரை யார் இழுப்பது? ரோப்பை ஜீப்பில் மாட்டச் சொல்லிவிட்டு, கட்டை வைத்திருந்தவனையே லீவருக்குக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே இழுத்தான். பிடரியில் ஒன்று விட்டேன். "அழுவாத. ரோப்பப் பாரு."

ரோப் பக்கம் வந்தவனையெல்லாம் உதைத்துத் தள்ளினேன். அதில் ஒரு சந்தோஷம், மறைப்பானேன். ஜீப் எழுந்தது. பொன்னனை உருவினோம். கால் நீலம் பாரித்திருந்தது.

ஐப்பசி 15, வெள்ளி

வலி. கஞ்சி மட்டும். வீட்டுக்காரி சரசு சொல்கிறாள்: "அந்தச் செவப்புச் சட்டையப் போட்டுட்டுப் போயிருந்தா ஆள் தெரிஞ்சிருக்குமில்லீங்க?" கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன். பாவம், அவள்தான் கூட்டினாள்.

கட்டிலுக்கடியில் ஜாக்கி ராடு வைத்திருக்கிறேன். வரட்டும் அந்த வெள்ளையன்.

ஐப்பசி 18, திங்கள்

வெயில். வந்தான். வாசற்படி ஏறவில்லை. சேலத்தில் அண்ணனுக்குக் காலை எடுத்துவிட்டார்களாம்.

"கா மணி நேரம் முந்தித் தூக்கியிருந்தா காலு நின்னிருக்குமாங்க. அந்தக் கா மணி நேரம் எங்கடா போச்சுன்னு அண்ணன் கேக்குதுங்க. உங்கள அடிச்சதச் சொல்லாம, கிரேன் வர லேட்டுன்னு சொல்லிப்போட்டனுங்க."

ராடை எடுத்தேன். அவன் ஓடவில்லை. இடது கைக்கு அது பாரம். கீழே போட்டுவிட்டு ஓர் அறை விட்டேன். வாங்கிக்கொண்டு நின்றான்.

"நெசத்தச் சொல்லிப்போடட்டுங்களா?"

பொன்னன் இனி இவன் தோளைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும்.

"லேட்டுன்னே இருக்கட்டும். போ."

போய்விட்டான். இன்னோர் அறை விட்டிருக்கலாம்.