வெள்ளிக்கிழமை கிண்டாத முட்டை

மார்ச் 4, புதன்
காலையிலிருந்து மழை. பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க ஜாம். மருந்து வாங்கி வர ஒரு மணி நேரம்.

விஜயாவுக்குக் கதிர்வீச்சு முடிந்து ஒன்பதாம் நாள். வாயெல்லாம் புண். பேச்சில்லை, என்ன வேண்டுமானாலும் நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். எடை 41 கிலோ. நாற்பதுக்குக் கீழே இறங்கினால் மூக்கு வழியாக டியூப் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை எடை பார்ப்பார்கள். டியூப் என்றாலே அவளுக்கு நடுக்கம். அவள் அம்மாவுக்குக் கடைசியில் அதுதான்.

கஞ்சி இரண்டு வாய். அப்புறம் நோட்டில்: "முட்டை. ஹோட்டல்ல நான் போடுற மாதிரி."

வாங்க: முட்டை ஒரு தட்டு, உப்பில்லாத பட்டர், டிஷ்யூ.

மார்ச் 5, வியாழன்
புக்கிட் பிந்தாங் ஹோட்டலில் பத்தொன்பது வருடம் காலை பஃபே முட்டை அடுப்பு அவளுடையது. வரிசையில் நிற்பார்களாம். பட்டரில் குழைவாகக் கிண்டிய அந்த முட்டையை வீட்டில் ஒரே ஒரு தடவை செய்தாள், கல்யாணமான புதிதில். "என்ன இது, சளி மாதிரி" என்று தட்டைத் தள்ளிவிட்டேன். வாயில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு முறுகலாகத்தான். அவளும் அதையேதான் சாப்பிட்டாள்.

அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். முதல் சட்டி ரப்பர். இரண்டாவது தண்ணீர் விட்டுப் பிரிந்தது. கரண்டியால் என் கையில் ஒரு தட்டு தட்டினாள். நோட்டில்: "இன்னும் வேகலன்னு தோணும்போதே இறக்குங்க. மிச்சத்த சட்டி சூடு பாத்துக்கும்."

மூன்றாவது பரவாயில்லை. ஐந்து ஸ்பூன் இறங்கியது! எரியவில்லை என்று கையசைத்தாள். இத்தனை நாளில் இதுதான் அதிகம்.

மார்ச் 6, வெள்ளி
நல்ல வெயில். துணி காய்ந்தது.

வெள்ளிக்கிழமை இந்த வீட்டு அடுப்பில் முட்டை ஏறாது. பத்துமலைக்குக் காவடி எடுத்த வருடத்திலிருந்து என் சட்டம். அவள் காலையிலேயே தானாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை மா. நாளைக்குப் போட்டுத் தரேன்" என்றேன்.

நோட்டில்: "முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

சிரித்தேன். கஞ்சியைத்தான் வைத்தேன். துப்பிவிட்டாள். பால், வாந்தி. மறுபடி கேட்கவில்லை. மதியம் முட்டையைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

மார்ச் 7, சனி
39.6.

நர்ஸ், கிள்ளான் ஊர்ப் பிள்ளை. "நேத்து என்ன சாப்பிட்டாங்க அங்கிள்?" சொன்னேன்.

"முட்டை இறங்குதுன்னா கொடுத்திருக்கலாம் லா. சீக்காளிக்கு என்னா அங்கிள் விரதம்?"

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு நாளில் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் அவள் வாய்விட்டுக் கேட்க முடியாமல் எழுதிக் கேட்டாள், நான் தரவில்லை.

டியூப் போட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகம் பதிந்த இடம் இன்னும் வலிக்கிறது.

மார்ச் 9, திங்கள்
வீடு. டியூபில் டின் பால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. வாய் வழியாக ஒன்றும் கூடாது, ஆறு வாரம். கேஸ் தீரப் போகிறது, சொல்ல வேண்டும்.

பசி. இரண்டு முட்டை உடைத்தேன். சின்னத் தீ, பட்டர், கிண்டிக்கொண்டே இருந்து நேரத்தில் இறக்கிவிட்டேன். சரியாக வந்துவிட்டது. நின்றபடியே ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை. அவ்வளவு நன்றாக இருந்தது. படுபாவி நான்.

அறையில் கட்டிலைத் தட்டும் சத்தம். பட்டர் வாசனை அவளிடம் போயிருக்கும். தட்டோடு போய் நின்றேன், மன்னிப்பு கேட்கலாம் என்று. அவள் அதற்குள் எழுதிவிட்டாள்: "கிட்ட கொண்டாங்க. மோந்து பாக்கிறேன்."

பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறும்வரை.