ஃபெரியில் நீங்கள் படிக்காத செய்திகள்

அன்புள்ள அக்கா,

காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியை நீங்கள் தைத்துக் கொடுத்த பையில்தான் வைத்திருக்கிறேன். ரவிக்கைக்கு எடுத்த பச்சைத் துணியில் மீந்ததை வெட்டி, உள்ளே பழைய துவாலைத் துண்டை வைத்துத் தைத்த பை. நேற்று அதன் ஜிப் போய்விட்டது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்றாள் என் மனைவி. சுள்ளென்று கோபம் வந்தது எனக்கு. ஒரு பைக்குப் போய் இந்தக் கத்தலா என்று கேட்டாள். அது எதற்காகத் தைத்த பை என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை உங்களிடமே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். நான் எதையும் நீட்டி முழக்குபவன் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. இருவருக்கும் பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டினில் ஒரே தொழிற்சாலை. நீங்கள் கொள்முதல் பிரிவில் ஆர்டர் எழுதும் தலைமைக் கிராணி, நான் அங்கிருந்த கணினிகளைக் கட்டி மேய்த்தவன். இருவருக்கும் வீடு பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில். பஸ் பிடித்து, ஃபெரி பிடித்து, அக்கரையில் தொழிற்சாலை பஸ் பிடித்து வேலைக்குப் போவோம். ஃபெரியில் மேல்தளத்து பெஞ்சு ஒன்று நம்முடையது. யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் பார்க்கும் பார்வையிலேயே எழுந்துவிடுவார்கள்.

அந்த நாளில் நான் ஓர் ஆர்கனைசர் வாங்கியிருந்தேன். உள்ளங்கையளவு பெட்டி, சாம்பல் நிறத் திரை, குத்தி எழுத ஒரு குச்சி. இங்கிலாந்துக் கால்பந்து முடிவுகளை ஃபெரியில் படிப்பதற்காக ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு நிரல் எழுதினேன். விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டுக் கணினி தானாகவே விழித்துக்கொள்ளும். மோடம் டெலிபோன் கம்பியில் கீச்சிடும். என் மனைவி தலையணையைக் காதில் அமுக்கிக்கொள்வாள். இண்டர்நெட்டில் நான் சொல்லிவைத்த பக்கங்களை எல்லாம் இழுத்து, படங்களைக் கழித்து, வெறும் எழுத்தாக்கி, பக்கத்திலேயே செருகியிருக்கும் ஆர்கனைசரில் ஏற்றிவிடும். நான் பல் விளக்கி முடிப்பதற்குள் அன்றைய செய்தி சட்டைப்பைக்குத் தயார்.

"பந்து உதைச்ச கதைக்கு இவ்வளவு பாடோ?" என்று சிரித்தீர்கள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, உதில எங்கட ஊர்ச் செய்தியும் வருமோ?" என்று கேட்டீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் உங்கள் பேச்சு மாறவில்லை. எங்களிடமிருந்து, பேச்சின் கடைசியில் ஒட்டும் 'லா'வை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் அம்மா வவுனியாவுக்கு வடக்கே, தன் பிறந்த ஊரில் தனியாக இருந்தார். சண்டை நடந்துகொண்டிருந்தது. டெலிபோன் கிடையாது. கடிதம் கொழும்பிலிருந்த உங்கள் மச்சான் வழியாக வந்து சேர ஒரு மாதம் ஆகும். இங்கே பேப்பரில் இரண்டு வரி வந்தால் அதிகம்.

"வரும்க்கா. இன்னும் நாலு பக்கம் சேர்த்தா ஆச்சு லா. காலையில தானா வந்துரும்" என்றேன்.

மறுநாளிலிருந்து ஃபெரி கிளம்பியதும் நீங்கள் கையை நீட்டுவீர்கள், நான் ஆர்கனைசரைக் கொடுப்பேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை முகத்தருகே பிடித்துக்கொண்டு படிப்பீர்கள். பட்டர்வொர்த் துறையில் சங்கிலி இறங்கும் சத்தம் கேட்டதும் திருப்பிக் கொடுப்பீர்கள். என் கால்பந்து முடிவுகளை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் நான் பார்க்க முடிந்தது. அதைப் பற்றி ஒரு நாளும் நீங்கள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

சண்டை அம்மாவின் ஊரை நெருங்கியது. ஷெல் விழுந்த இடங்களின் பெயரெல்லாம் உங்களுக்குத் தெரிந்த பெயர்களாக வரத் தொடங்கின. கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போனீர்கள். ஒரே சாமானுக்கு இரண்டு முறை ஆர்டர் போட்டு, மேனேஜரிடம் எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கினீர்கள். பஸ்ஸில் என்னிடம், "தலைக்குள்ள ஒரே சத்தமாக் கிடக்கு தம்பி" என்றீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நிரலில் நான்கு வரி சேர்த்தேன். அம்மாவின் ஊர்ப் பகுதியின் பெயரும் சாவு, ஷெல், குண்டு போன்ற சொற்களும் ஒரே செய்தியில் வந்தால் அதை ஆர்கனைசரில் ஏற்றாதே. அவ்வளவுதான். தலைவலிக்கு மாத்திரை கொடுத்த மாதிரி நினைத்துக்கொண்டேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு வேறு.

பத்து நாள் எல்லாம் நன்றாகவே போனது. உங்கள் முகம் தெளிந்தது. ஒரு நாள் எனக்கும் சேர்த்து இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தீர்கள். சாப்பிட்டுக்கொண்டே எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை, ஃபெரி நடுக்கடலில் இருக்கும்போது சொன்னீர்கள்: "அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி மச்சானிட்டச் சொல்லியிருந்தனான். இப்ப வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் எண்டு நேற்றுக் கோல் எடுத்துச் சொல்லிப்போட்டன். ஊர் அமைதியாத்தானே கிடக்கு. அந்த வயசில ஏன் றோட்டு றோட்டா அலையோணும்?"

நான் வெட்டியதால் வந்த வினை. ஃபெரியில் சொல்லவில்லை. பஸ்ஸிலும் சொல்லவில்லை. கோழை மாதிரி வாயை மூடிக்கொண்டு வந்தேன். தொழிற்சாலை வாசலில் நீங்கள் வருகை அட்டையைக் குத்தப் போகும்போதுதான் வாய் திறந்தது.

"அக்கா, ஊரு அமைதியா இல்ல. நான்தான் அந்த நியூஸெல்லாம் வெட்டிட்டேன். பத்து நாளா. நீங்க சாப்பிடாம இருந்தீங்க, அதான்…"

அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அட்டையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "வெட்டினதெல்லாம் எங்கே?" என்று மட்டும் கேட்டீர்கள். நல்லவேளை, எதையும் அழிக்காமல் ஒரு மூலையில் போட்டு வைப்பது என் தொழில் புத்தி. எல்லாம் வீட்டுக் கணினியில் இருந்தது. இருவரும் லீவு சொல்லிவிட்டு வந்த வழியே ஜெலுத்தோங்குக்குத் திரும்பினோம். மோடம் கம்பியைப் பிடுங்கிவிட்டு டெலிபோனைச் செருகிக் கொடுத்தேன். மச்சானுக்குப் பேசினீர்கள். ஊருக்குப் போகும் ஒருவர் கையில் உங்கள் சொல்லை அவர் ஏற்கெனவே கொடுத்தனுப்பிவிட்டார். வேறொருவர் கிடைத்தால் மாற்றிச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். பிறகு என் மேசையில் உட்கார்ந்து பத்து நாள் செய்தியையும் ஒன்று விடாமல் படித்தீர்கள். என் மனைவி கொண்டுவந்து வைத்த தேநீர் ஆடை கட்டிப் போனது.

அடுத்த ஆறு நாட்கள் அதே பெஞ்சில், என் பக்கத்திலேயே உட்கார்ந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் ஃபெரி கிளம்பியதும் கை நீளும். என்னிடமிருந்து அதை வாங்குவதற்கு உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அந்த ஆறு நாளும் உங்கள் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பழி என்னுடையது என்ற நினைப்போடுதான் சோறு தின்றேன்.

ஏழாம் நாள் ஃபெரித் துறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தீர்கள். மூச்சு வாங்கியது. "அம்மா தப்பியிட்டா, வவுனியாவில இருக்கிறா! பக்கத்து வீட்டுச் சனத்தோட டிராக்டரில வந்து சேர்ந்திட்டாவாம். நான் சொல்லிவிட்ட சேதி போய்ச் சேர முதலே வெளிக்கிட்டிட்டா. எப்பவுமே அவ என்ர சொல்லுக் கேட்டதில்லை!" சொல்லிவிட்டு ஓவென்று அழுதீர்கள். நானும் அழுதேன். டிக்கெட் வரிசையில் நின்ற ஒரு மலாய்க்கார அம்மா, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து நமக்குத் தண்ணீர் போத்தலை நீட்டினார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் பையைத் தைத்துக்கொண்டு வந்தீர்கள். "இதுக்குள்ள வையும், திரையில கீறல் விழப்போகுது. இனி எனக்கெண்டு ஒண்டையும் வெட்டாதையும். நல்லதோ கெட்டதோ, பார்த்து அழுறதுக்கு எனக்குக் கண் இருக்கு. வெட்டியே ஆகோணுமெண்டா உம்மட பந்துக் கதையை வெட்டும் லா."

என்னை மன்னித்துவிட்டதாக நீங்கள் சொன்னதே இல்லை. சொல்லாமல் மறுபடியும் இடியப்பம் கொண்டுவந்தீர்கள்.

பல வருடம் கழித்து உங்களை மருத்துவமனையில் படுக்க வைத்தபோது, உங்கள் மகன் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கெஞ்சினான். "அங்கிள், டாக்டர் கையை விரிச்சிட்டாரு. அம்மாவுக்குத் தெரிய வேணாம். அல்சர்னுதான் சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லுங்க." சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், "தம்பி, டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டீர்கள். அல்சர் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். பிறகு என் கையைப் பிடித்து, "மகனைக் கூப்பிடும். பாவம் அவன், இதைத் தனியச் சுமந்துகொண்டு திரியிறான்" என்றீர்கள்.

கோபத்தில் உங்கள் மகன் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறான். அந்தக் கடைசி மாதங்களில் நீங்களும் அவனும் பேசிக்கொண்டதை எல்லாம் அவன்தான் எனக்குச் சொன்னான்.

சொந்தத்தில் யாருக்காவது கெட்ட சேதி சொல்ல வேண்டி வந்தால் இப்போது என்னைத்தான் அனுப்புகிறார்கள், அக்கா. பயந்துகொண்டேதான் போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் சொல்கிறேன். சொன்ன பிறகு, அவர்கள் வாய் திறக்கும்வரை எழுந்து போவதில்லை.