சினைக்கு ஆகாத புல்

ஹிக்கரி ரன், மிசௌரி
பிப்ரவரி 24, 2003

அன்புள்ள அண்ணன் டோபியாஸுக்கு,

தங்கை சலோமா எழுதுவது. நானும் மகள் வெர்னாவும் சுகம். நீயும் அங்கே கென்டக்கியில் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

இத்தனை வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும், யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். சரிதான். அக்டோபரில் என் வீட்டுக்காரர் ஆல்வின் தவறிவிட்டார். கொட்டகைக் கூரை மாற்றும்போது விழுந்தார். உனக்கு அப்போதே சொல்லி அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை.

சபை உன்னை விலக்கி வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. உன் கையிலிருந்து நாங்கள் எதையும் வாங்கக் கூடாது, உன்னோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. உனக்கு எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. பிஷப் அம்மோனிடம் கேட்டால் ஒருவேளை சொல்லுவார். அதனால்தான் கேட்கவில்லை.

விஷயம் எங்கள் பெண்குதிரை மேபலைப் பற்றி. போன வசந்தத்தில் ஆல்வின் அவளைச் சினைக்கு விட்டார். ஏப்ரல் நடுவில் குட்டி போட வேண்டும். உழுவதற்கு எங்களிடம் உருப்படியாக இருப்பது அவள் ஒருத்திதான். கிழட்டுக் குதிரை டாம் இன்னும் நிற்பதே பெரிது. மேபலும் குட்டியும் பிழைத்தால் இந்த நிலத்தை நாங்களே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விற்றுவிட்டு ஆல்வினின் தம்பி வீட்டு மாடியறைக்குப் போக வேண்டியதுதான். அவன் மனைவியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லாயத்தில் பெரிய அறையைக் காலி செய்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். கோதுமை வைக்கோல் முழங்கால் உயரத்துக்குப் பரப்பப் போகிறேன். பழைய துண்டுகளை வேகவைத்து உலர்த்தியாயிற்று. தொப்புளுக்கு அயோடின் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆல்வின் போனபின் சபையார் பரண் நிறையப் புல்கட்டுகளை அடுக்கிவிட்டுப் போனார்கள். இன்னும் என்ன செய்ய வேண்டும்? எப்போதும் ஆல்வின்தான் பார்ப்பார். நான் வெந்நீர் மட்டும் கொண்டுபோவேன்.

உன் தங்கை,
சலோமா


கென்டக்கி
மார்ச் 4

அன்புத் தங்கை சலோமாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது லாரியில் இருந்தேன். அங்கேயே பிரித்துப் படித்தேன். மோட்டார் வண்டியே ஆகாது என்கிற நம் சபையில், லாரி ஓட்டுவதை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிய அன்றைக்கு, ஆல்வின் மட்டும்தான் வாசல்வரை வந்தார். "போறது தப்புதான் மச்சான். ஆனா வெறும் வயித்தோட போகாதே" என்று ரொட்டியும் பன்றித் தொடைக்கறியும் கட்டிக் கொடுத்தார். அந்த மனுஷனின் அடக்கத்துக்கு நான் வரவில்லை. இனி என்ன சொன்னாலும் அது மாறப்போவதில்லை.

நீ செய்திருப்பதெல்லாம் சரி. நான் லாரி ஓட்டும் இந்தக் குதிரைப் பண்ணையில் வருஷத்துக்கு நாற்பது குட்டிகள் பிறக்கின்றன. இங்கே நாங்கள் செய்வதும் அதுதான். ஈனுவதற்கு முன் வாலைத் துணியால் சுற்றிவிடு. வைக்கோல் ஈரமில்லாமல் இருக்கட்டும். மரத்தூள் வேண்டாம், குட்டியின் மூக்கில் ஏறும்.

இரண்டு விஷயத்துக்கு உடனே பதில் போடு. மடி இறங்க ஆரம்பித்திருக்கிறதா? அடுத்தது, அந்தப் புல் என்ன புல்? ஃபெஸ்க்யூவாக இருந்தால் அவளுக்குப் போடவே கூடாது. அந்தப் புல்லுக்குள்ளேயே ஒரு பூஞ்சை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. மாடு தின்றால் சமாளித்துக்கொள்ளும். சினைக் குதிரை கடைசி மூன்று மாதத்தில் தின்றால் பால் ஊறாது, நாள் தள்ளிப்போகும், நஞ்சுக்கொடி தடித்துவிடும். குட்டி உள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். பல சமயம் தாயும் சேர்ந்து போகும். ஆல்வின் குளிர்காலத்தில் அவளுக்குத் தீமத்திப் புல்தான் போடுவார், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வெர்னாவுக்கு என் அன்பு. அவளுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?

டோபியாஸ்


ஹிக்கரி ரன்
மார்ச் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

ஞாபகம் இருக்கிறதாம். கோழியைத் தொப்பிக்குள் ஒளித்து வைத்த மாமாதானே என்று கேட்டாள். நீ போனதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. வருகிற இலையுதிர் காலத்தில் ஞானஸ்நானம், நவம்பரில் கல்யாணம். பையன் நல்லவன், கொஞ்சம் மெதுவாகப் பேசுவான். அவள் பேசுகிற வேகத்துக்கு அது பொருத்தம்தான்.

மேபலின் மடியைப் பார்த்தேன். கன்னிக் குதிரைக்கு இருப்பதுபோல ஒட்டிக்கிடக்கிறது.

புல்லையும் பார்த்தேன். பரண் முழுக்க ஃபெஸ்க்யூதான். பிஷப் அம்மோனின் மேட்டு நிலத்தில் அறுத்தது. அவரே வண்டி ஓட்டி வந்து, அந்த வயசில் ஏணியில் ஏறி அடுக்கினார். "இது என் புல்லுன்னு நெனைக்காதே சலோமா. சபையோட கை. வாங்கிக்கோ" என்றார். நான் ஏப்ரனில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அதைத்தான் ஜனவரியிலிருந்து மேபலுக்குக் கை நிறைய அள்ளிப் போட்டிருக்கிறேன். பாவம், தாய்க்காரி நன்றாகத் தின்னட்டும் என்று ஒரு கை கூடவே போட்டேன்.

இப்போது நான் என்ன செய்வது? சபை கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளி, சபை தள்ளியவன் சொல்வதைக் கேட்க வேண்டும். நீயே யோசித்துப் பார்.

சலோமா


கென்டக்கி
மார்ச் 17

சலோமா,

யோசிக்க நேரமில்லை. இந்தக் கடிதம் கிடைக்கும் வேளையிலிருந்து அந்தப் புல் ஒரு வாய்கூட அவளுக்குப் போகக் கூடாது. மாடுகளுக்குப் போடு. கிடைக்கிற ஓட்ஸும் தீமத்தியும் அவளுக்குப் போடு. பால் ஊற மருந்து ஒன்று தபாலில் அனுப்பியிருக்கிறேன். குழைவாக இருக்கும். தினம் காலையில் நாக்கில் தடவிவிடு.

இனி சொல்வதை இரண்டு தடவை படி. பனிக்குடம் வெள்ளையாக வர வேண்டும். அதற்கு முன்னால் சிவப்பாக, வெல்வெட் துணிபோல ஏதாவது பிதுங்கி வந்தால், நஞ்சு முதலிலேயே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். குட்டிக்கு மூச்சு நின்றுபோகும். நீ யாரையும் கூப்பிட ஓடக் கூடாது. கத்தரிக்கோலால் அங்கேயே வெட்டி, குட்டியை இழுக்க வேண்டும். ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை.

அதனால் நான் வருகிறேன். சீம்பாலும் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவருகிறேன். இங்கே மற்றக் குதிரைகளிடம் கறந்து உறையவைத்தது. வேண்டாம் என்று எழுதாதே. எழுதினாலும் வருவேன்.

டோபியாஸ்


ஹிக்கரி ரன்
ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

மருந்து வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கினேன். அவர் விலக்கப்பட்டவர் இல்லை, வெறும் பாப்டிஸ்ட் சபைக்காரர். மடி கொஞ்சம் பூரித்திருக்கிறது, ஆனால் ஈனப்போகிற அடையாளமாகக் காம்பு நுனியில் படிகிற மெழுகு இன்னும் படியவில்லை.

நேற்று பிஷப் வந்தார். தன் புல்லை மாடுகள் தின்பதையும் மேபல் முன்னால் வேறு புல் கிடப்பதையும் பார்த்தார்.

"என் புல்லுல என்னம்மா குத்தம்?"

"குத்தம் ஒண்ணுமில்லீங்க. சினைக் குதிரைக்கு ஆகாதாம்."

"யார் சொன்னா?"

"விவரம் தெரிஞ்சவங்க."

"நம்ம ஆளா?"

"நம்ம ஆளாத்தான் இருந்தாங்க."

ரொம்ப நேரம் மேபலின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோபமாகப் போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீ வா. ஆனால் லாரி சாலையிலேயே நிற்கட்டும். நான் கூப்பிடாமல் வேலிக்குள் வராதே. உன் கையிலிருந்து வாங்க வேண்டியதை வெர்னா வாங்கிக்கொள்வாள். அவளுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, விதி அவளைக் கட்டாது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். உனக்கு நான் கொடுக்கத் தடையில்லை, வாங்கத்தான் தடை. எனவே சூப் கிடைக்கும். தனியாகத்தான் சாப்பிட வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. ஆல்வின் இருந்தபோது ஒரு நாளும் லாயத்துக்குள் பயந்ததில்லை.

சலோமா


கென்டக்கி
மே 1

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். பத்து நாளுக்கு மேல் சாலையோரம் லாரியில் கிடந்ததில் இடுப்பு பிடித்துவிட்டது. வெர்னாவின் சூப்புக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண் சூப்போடு ஊர்க்கதை முழுவதையும் ஊற்றிவிடுகிறாள்.

அவள் பால் கேன்களோடு வண்டி ஏறிப்போன நேரம் பார்த்துத்தானா மேபல் படுக்க வேண்டும்? நீ கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக "அண்ணா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டாய். ஓடி வந்தால் சிவப்பாகப் பிதுங்கி நிற்கிறது. நான் வருவதற்குள் நீயே வெட்டியிருந்தாய்.

குட்டி வெளியே வந்தும் மூச்சு விடவில்லை, மேபலோ அந்த நேரம் பார்த்து எழுந்திருக்கத் திமிறுகிறாள். நான் அவளைப் பிடிக்காவிட்டால் குட்டியை மிதித்துவிடுவாள். "பிடி சலோமா" என்று குட்டியின் தலையையும் துண்டையும் உன் பக்கம் நீட்டினேன். விதிப்படி நான் கீழே வைத்திருக்க வேண்டும், நீ எடுத்திருக்க வேண்டும். அதற்கு நேரமில்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாய். நீ மூக்கைத் துடைத்துத் தேய்க்கத் தேய்க்க அது தும்மியது.

யாரும் பார்க்கவில்லை. வெர்னா வரும்போது நான் வேலிக்கு வெளியே போய்விட்டேன். நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. நீயும் அதை விட்டுவிடு. ஒரு உயிரைக் காப்பாற்றியதற்கு யாரும் மண்டியிட வேண்டியதில்லை.

மேபலின் நஞ்சு முழுதாக விழுந்ததா? பால் எப்படி? குட்டிக்குப் பெயர் வைத்தாயா? உடனே எழுது.

டோபியாஸ்


ஹிக்கரி ரன்
மே 19

என் அன்புள்ள அண்ணனுக்கு,

நஞ்சு முழுதாக விழுந்தது. மேபலுக்குப் பால் இரண்டாவது வாரம்தான் நன்றாகச் சுரந்தது, அதுவரை நீ கொண்டுவந்த சீம்பாலும் ஆட்டுப்பாலும் ஓடியது. குட்டி இப்போது பால் குடித்துவிட்டு வெர்னாவின் ஏப்ரனைக் கடிக்கிறது. நிலத்தை விற்கவில்லை. பெயர் வைக்கும் பொறுப்பை வெர்னாவிடம் விட்டேன், அவள் தினம் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

நீ விட்டுவிடச் சொன்னாய். விட முடியவில்லை. திருவிருந்துக்கு முன் ஆயத்தக் கூட்டம் வந்தது. ஒவ்வொருவரும் எழுந்து, ஆண்டவரோடும் சபையோடும் சமாதானமாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். உனக்கும் தெரியும். என் முறை வந்தபோது நான் எழவில்லை. கூட்டம் முடிந்து நானே பிஷப்பிடம் போய்ச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. அடுத்த நாளே வண்டி நிறையத் தீமத்திப் புல்லைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பரணில் மிச்சமிருந்த தன் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போனார். என்னை உதவவும் விடவில்லை. போகும்போது, "உன் அண்ணன் சொன்னது சரின்னு எனக்குத் தெரியும்மா. குட்டியப் பாத்தாலே தெரியுது. ஆனா அவன் கைலேருந்து வாங்குனது வாங்குனதுதான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பிள்ளைகளையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டார்கள். சபை முன்னால் மண்டியிட்டேன். என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். விலக்கப்பட்டவன் கையிலிருந்து வாங்கியதற்கு வருந்துகிறாயா? வருந்துகிறேன் என்றேன். இனி அவனுக்கு எழுதாமலும் அவன் எழுதுவதை வாங்காமலும் இருப்பாயா? இருப்பேன் என்றேன்.

இல்லையென்று சொல்லியிருந்தால் என்னையும் விலக்கியிருப்பார்கள். வெர்னா ஞானஸ்நானம் எடுத்த அன்றே அவள் அம்மாவின் கையிலிருந்து ரொட்டி வாங்க முடியாதவளாகிவிடுவாள். அவள் கல்யாணப் பந்தியில் நான் வேறொரு மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீ ஒன்பது வருஷமாக அதைத் தாங்குகிறாய். நான் உன்னளவுக்குத் திடமானவள் இல்லை.

அண்ணா, அந்த இரண்டு பதிலில் ஒன்று பொய். என் ஆயுசில் மண்டியிட்டுச் சொன்ன முதல் பொய். நான் வருந்தவில்லை. நீ நீட்டியபோது அது செத்த குட்டி என்றுதான் நினைத்தேன். அப்படியென்றாலும் வாங்கியிருப்பேன், உன் கை அவ்வளவு பக்கத்தில் இருந்தது. இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும்.

இரண்டாவது பதில் பொய் இல்லை. இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பிஷப்பிடம் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். "எழுதும்மா. நல்லா எழுது" என்று வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள். இடுப்புக்குச் சூடான தவிட்டு ஒத்தடம் கொடு. நாற்பது குட்டிகளும் நல்லபடி பிறக்கட்டும்.

இதற்குப் பதில் போடாதே. போட்டால் வாங்கிப் பிரித்துப் படித்துவிடுவேன்.

என்றும் உன் தங்கை,
சலோமா